வண்டியைச் சோதிக்க வேண்டும் என்று போலீஸ் சொன்னால்: தோட்டப்புறத்தில் புதிதாக ஓட்டுபவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் பக்கமோ லாசா பக்கமோ இரவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ரோட் பிளாக் ஒன்றும் புதிதல்ல. ஆனால் நேற்று பி லைசென்ஸ் (புதியவர்களுக்கான லைசென்ஸ்) எடுத்த பிள்ளைக்கும், வேறு ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவருக்கும் டார்ச் லைட் முகத்தில் விழுந்தவுடன் நாக்கு உலர்ந்துவிடுகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வேறொரு மாவட்டத்தில் என் பிக்கப்பை நிறுத்திச் சோதித்து, பிறகு நிலையத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள். கடைசியில் வழக்கு எதுவும் இல்லை. ஆனால் வண்டியையும் அதிலிருந்த சாமான்களையும் திரும்ப வாங்க நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. சோதனை நடந்தபோது என்னைச் சாலைக்கு எதிர்ப்புறம் நிற்க வைத்திருந்தார்கள். என்ன எடுத்தார்கள், எங்கிருந்து எடுத்தார்கள் என்பதற்கு ஒரு தாளும் என் கையில் இல்லை. நான் கேட்ட இடத்திலெல்லாம் "லிஸ்ட் எங்கே?" என்றுதான் திருப்பிக் கேட்டார்கள்.

நம் பிள்ளைகள் பலர் அமெரிக்கப் படங்களைப் பார்த்துவிட்டு, "நான் சம்மதிக்கவில்லை" என்று சொன்னால் போலீஸ் வண்டியைத் தொட முடியாது, மீறித் தொட்டால் வழக்கு தள்ளுபடி ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். மலேசியாவில் அப்படி இல்லை. இங்கே உங்களைக் காப்பாற்றுவது இரண்டு: சோதனை உங்கள் கண் முன்னால் நடப்பது, நடந்தது தாளில் பதிவாவது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

1. கிளம்பும் முன் தாள்களைச் சரிபாருங்கள்

ஐசி (அடையாள அட்டை) அசலாகக் கையில் இருக்க வேண்டும். 1990ஆம் ஆண்டு தேசியப் பதிவு விதிகளின்படி, கேட்டபோது ஐசியைக் காட்டாவிட்டால் 20,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம். போட்டோ காப்பியும், போனில் எடுத்த படமும் ஐசி ஆகாது. வெளிநாட்டிலிருந்து வந்து வேலை செய்பவர் என்றால் பாஸ்போர்ட்டும் பெர்மிட்டும்.

லைசென்ஸையும் ரோட் டாக்ஸையும் சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலியில் காட்டலாம். 2023 பிப்ரவரியிலிருந்து இது நடைமுறையில் உள்ளது. ஆனால் செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டுக்குள் லைன் வராது. செயலி சுற்றிக்கொண்டே இருக்கும், போலீஸ்காரர் பொறுமை இழப்பார். அதனால் ஒரு பிரிண்ட் எடுத்து டாஷ்போர்டில் வைத்துவிடுங்கள். இன்சூரன்ஸ் தாளையும் அதோடு சேர்த்து வையுங்கள்.

வண்டி உங்கள் பெயரில் இல்லையென்றால் கிரான் (வண்டிப் பதிவுச் சான்று) காப்பி, உரிமையாளரின் ஐசி காப்பி, "இன்னார் என் வண்டியை ஓட்ட அனுமதிக்கிறேன்" என்று அவர் கையெழுத்துப் போட்ட சிறு கடிதம் ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் மோட்டாரை தம்பி ஓட்டுவது, மாமா காரை மருமகன் ஓட்டுவது நம் வீடுகளில் சாதாரணம். நள்ளிரவில் மாமா போன் எடுக்காவிட்டால் அந்தக் கடிதம்தான் பேசும்.

தோட்டப்புறத்துக்கே உரிய மூன்று விஷயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, செம்பனைப் பழம். பழத் திருட்டு நடக்கும் வட்டாரங்களில் பழம் ஏற்றிய பிக்கப்பையும் லோரியையும் நிறுத்தாமல் விடமாட்டார்கள். சொந்தச் சிறு தோட்டத்துப் பழமே ஆனாலும் அதை விற்க மலேசிய செம்பனை வாரியத்தின் லைசென்ஸ் வேண்டும். அதன் காப்பியும், எந்த நிலத்திலிருந்து எங்கே போகிறது என்ற சீட்டும் வண்டியில் இருக்கட்டும். போலீஸ் சட்டத்தின் 24ஆம் பிரிவில், லைசென்ஸ் தேவைப்படும் பொருளை வைத்திருப்பவரை நிறுத்தி அதைக் காட்டச் சொல்லும் அதிகாரம் தெளிவாகவே இருக்கிறது.

இரண்டாவது, பாராங்கும் (வெட்டுக்கத்தி) அரிவாளும். வேலைக்குப் போகிறவருக்கு அது கைக்கருவி. ஆனால் 1958ஆம் ஆண்டு அரிக்கும் பொருள், வெடிபொருள், ஆபத்தான ஆயுதங்கள் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறையும் பிரம்படியும் என்கிறது. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் கொண்டுபோவதற்குக் காரணம் இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி பசார் மாலாமுக்கு (இரவுச் சந்தை) போகும்போது சீட்டுக்கு அடியில் கிடந்தால் என்ன காரணம் சொல்வீர்கள்? வேலை முடிந்ததும் வீட்டில் இறக்கி வையுங்கள். கொண்டுபோகும்போது சாக்கில் சுற்றிக் கட்டி, கை எட்டாத இடத்தில், பிக்கப் என்றால் பின்பக்கத்தில் வையுங்கள். மண்டோரிடமோ (மேற்பார்வையாளர்) ஆபீசிலோ வேலைக் கடிதம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, மருந்து. கிளினிக்கில் கொடுத்த இருமல் மருந்தும் வலி மாத்திரையும் சிலவேளை சிறுநீர்ச் சோதனையில் சிக்கலைக் கொண்டுவரும். பெயர் எழுதிய கிளினிக் பையிலேயே அவை இருக்கட்டும். மாத்திரைகளைக் கழற்றி வெறும் பிளாஸ்டிக்கில் போடாதீர்கள்.

2. மற்றவர் பையை ஏற்றாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவு, வழக்கமான நீதியைத் தலைகீழாகத் திருப்புகிறது. உங்கள் வசத்திலோ கட்டுப்பாட்டிலோ இருந்த ஒரு பொருளுக்குள் போதைப்பொருள் இருந்தால் அது உங்களுடையது, அது என்னவென்றும் உங்களுக்குத் தெரியும் என்று சட்டம் முதலிலேயே வைத்துக்கொள்கிறது. இல்லையென்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். எடை ஓர் அளவைத் தாண்டினால் (ஹெராயின் 15 கிராம், சியாபு எனும் மெத்தாம்பெட்டமைன் 50 கிராம், கஞ்சா 200 கிராம்) கடத்தல் என்றே அனுமானிக்கப்படும். கடத்தலுக்கு ஆயுள் சிறையும் பிரம்படியும், அல்லது மரண தண்டனை. 2023இல் சட்டம் மாறிய பிறகு மரண தண்டனை கட்டாயமில்லை. ஆனால் அது இன்னும் சட்டத்தில் இருக்கிறது.

ஆகவே "இதை ஈப்போ பஸ் ஸ்டேஷன்ல என் ஃபிரெண்டுகிட்ட கொடுத்துடு மச்சான்" என்று யாராவது பொட்டலம் கொடுத்தால், எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், திறந்து பார்க்காமல் ஏற்றாதீர்கள். திறக்கக் கூடாது என்றால் ஏற்றக் கூடாது. லிப்ட் கேட்பவரின் பை அவர் மடியிலேயே இருக்கட்டும். பின்னால் போடச் சொல்லாதீர்கள். வண்டியை இரவல் கொடுத்தால், திரும்பி வந்ததும் சீட்டுக்கு அடி, கதவுப் பை, ஸ்பேர் டயர் குழி எல்லாவற்றையும் பாருங்கள். நண்பன் மனம் கோணும் என்று தயங்குகிறவர்கள்தான் அதிகம். அவன் கோணினால் நாலு நாளில் சரியாகிவிடும்.

3. நிறுத்தச் சொன்னால் நில்லுங்கள்

சீருடை போட்டவர் அல்லது அடையாளம் போட்ட போலீஸ் வண்டி என்றால் உடனே நில்லுங்கள். போலீஸ் சட்டத்தின் 26ஆம் பிரிவு சாலையில் தடுப்பு வைக்கும் அதிகாரத்தைப் போலீசுக்குத் தருகிறது. தடுப்பைத் தாண்டி ஓட்டுவதும், தூரத்திலேயே பார்த்துவிட்டு யூ டர்ன் அடிப்பதும் சாதாரண லைசென்ஸ் சிக்கலைப் பெரிய வழக்காக்கிவிடும். லைசென்ஸ் முடிந்துபோனதற்குப் பயந்து மோட்டாரைத் திருப்பி விழுந்து எழும்பாமல் போன பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். லைசென்ஸ் முடிந்தது சம்மனோடு போகும் விஷயம்.

நின்றதும் இன்ஜினை அணையுங்கள், உள் விளக்கைப் போடுங்கள், கண்ணாடியை இறக்குங்கள். கைகள் ஸ்டியரிங் மேல் தெரியட்டும். அவர் கேட்கும் முன்பே சீட்டுக்கு அடியில் கையை விடாதீர்கள். "செலாமாட் மாலாம், துவான்" (இரவு வணக்கம், ஐயா) என்று முதலில் நீங்களே சொல்லுங்கள்.

4. நிறுத்துவது யார் என்று பாருங்கள்

சீருடையில் இருந்தால் நெஞ்சில் இருக்கும் பெயரையும் எண்ணையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். போலீஸ் வண்டியின் நம்பரையும்தான்.

சாதாரண உடையில் வந்தால் அதிகார அட்டையைக் கேட்கலாம்: "துவான், போலே துஞ்ஜுக் காட் குவாசா?" நீல அட்டை இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும். மஞ்சள், இன்ஸ்பெக்டருக்குக் கீழ். வெள்ளை, ரிசர்வ் போலீஸ். சிவப்பு என்றால் பணியிடை நீக்கம் செய்யப்பட்டவர். அவருக்கு உங்களிடம் எந்த அதிகாரமும் இல்லை. அடையாளமே இல்லாத கார் ஒன்று இருட்டான தோட்டச் சாலையில் மறித்து, அட்டையும் காட்ட மறுத்தால் கதவைப் பூட்டிக்கொண்டு 999க்கு அழையுங்கள். வெளிச்சமும் ஆளும் உள்ள பெட்ரோல் நிலையத்துக்கோ அருகிலுள்ள பாலாய்க்கோ (போலீஸ் நிலையம்) மெதுவாக, ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு போவதுதான் என் ஆலோசனை. போகிறேன் என்று 999இல் சொல்லிவிட்டே போங்கள்.

தோட்டத்துக் கேட்டில் நிற்கும் ஜாகா (காவலாளி) போலீஸ் அல்ல. உங்கள் சம்மதம் உண்மையிலேயே எடைபோடும் இடம் இதுதான். அது தனியார் நிலம். "வண்டியைப் பார்க்க விட்டால்தான் உள்ளே போகலாம்" என்று அவர் சொல்லலாம், நீங்கள் மறுத்துத் திரும்பிவிடலாம். பலவந்தமாகத் திறக்க அவருக்கு அதிகாரம் இல்லை. சந்தேகம் இருந்தால் போலீசைக் கூப்பிடலாம். சில பெரிய கம்பெனித் தோட்டங்களில் துணைப் போலீஸ், அதாவது போலிஸ் பந்துவான், இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கம்பெனியின் எல்லைக்குள் போலீஸ் அதிகாரம் உண்டு. ஆகவே ஜாகாவிடம் பேசுவதுபோல் அவர்களிடம் பேசாதீர்கள்.

5. "பூக்கா போனெட்" (பின்பெட்டியைத் திற) என்றால்

சட்டம் சொல்வது இது: ஒரு வண்டி ஏதாவது குற்றத்துக்குப் பயன்படுகிறது என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், வாரண்ட் இல்லாமலே அதை நிறுத்திச் சோதிக்கலாம். போலீஸ் சட்டம் 24ஆம் பிரிவு. உங்கள் சம்மதம் தேவை என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. அவர் "போலே செக்?" (சோதிக்கலாமா?) என்று கேட்பது பெரும்பாலும் மரியாதைக்காக.

அதற்காக வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. "நியாயமான காரணம்" என்பது சட்டத்தில் உள்ள சொல். எனவே காரணத்தைக் கேட்கலாம், பணிவாக: "துவான், போலே சாயா தாஹு கெனாப்பா கெரேத்தா சாயா நாக் டிபெரிக்சா?" பழத் திருட்டு, போதைப்பொருள் ஓப்ஸ் (தேடுதல் வேட்டை), திருட்டு மோட்டார் என்று ஏதாவது சொல்வார். அந்தப் பதிலை நினைவில் வையுங்கள். பிறகு கேள்வி எழும்போது அவர் முதலில் என்ன காரணம் சொன்னார் என்பது முக்கியமாகும்.

காரணமே சொல்லாமல் திறக்கச் சொன்னால்? உடன்பாடு இல்லை என்பதைச் சொல்லிவிட்டு, தடுக்காமல் நில்லுங்கள்: "சாயா தாக் செத்துஜு, தாபி சாயா தாக் ஹாலாங், துவான்." கதவை அழுத்திப் பிடிப்பது, சாவியை மறைப்பது, கையைத் தட்டிவிடுவது எதுவும் வேண்டாம். அரசு ஊழியரின் கடமையைத் தடுத்தால் குற்றவியல் சட்டம் 186ஆம் பிரிவின் கீழ் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். வண்டியில் ஒன்றுமே இல்லாதவர்கூட இந்தப் பிரிவில் மாட்டிக்கொள்ளலாம்.

சோதனை முறைகேடாக நடந்தாலும் கிடைத்த பொருள் சாட்சியமாகச் செல்லும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1955இல் பிரிவி கவுன்சில் தீர்த்த குருமா வழக்கு இதற்கு வேர். கென்யாவில் சைக்கிளில் வந்த ஒருவரைச் சாலைத் தடுப்பில் சோதித்துத் தோட்டாக்கள் எடுத்தார்கள். சோதித்தவருக்கு அதற்குரிய பதவி இல்லை. இருந்தும் விஷயத்துக்குத் தொடர்புடைய சாட்சியம் என்றால் அது எப்படிக் கிடைத்தது என்பது தடையாகாது என்று தீர்ப்பானது. மலேசிய நீதிமன்றங்களும் அந்த வழியில்தான் போகின்றன. "வாரண்ட் இல்லாம எடுத்தாங்க, கேஸ் நிக்காது" என்று காப்பிக் கடையில் சொல்பவரை நம்பி இருக்காதீர்கள்.

இப்போது முக்கியமான இடம். வண்டியைத் திறக்கும் முன் இதைச் சொல்லுங்கள்: "சிலா பெரிக்சா டி டெப்பான் சாயா, துவான்." என் முன்னால் சோதியுங்கள் என்று அர்த்தம். பெரும்பாலான போலீஸ்காரர்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை; அவர்களுக்கும் அது பாதுகாப்பு. கதவையும் போனட்டையும் நீங்களே திறந்துவிட்டு இரண்டு அடி தள்ளி, கைகள் வெளியே தெரிய நில்லுங்கள். ஒருவர் முன் சீட்டிலும் இன்னொருவர் பின்னாலும் ஒரே நேரத்தில் சோதித்தால் இரண்டையும் உங்களால் பார்க்க முடியாது. "சாத்து சாத்து, துவான்" (ஒவ்வொன்றாக, ஐயா) என்று கேளுங்கள். கூட வந்தவர் இருந்தால் ஒரு பக்கத்தை அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். "அங்கே போய் நில்" என்று தூரத்துக்கு அனுப்பினால், வண்டி தெரியும் இடத்தில் நிற்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பணப்பை, நகை, போன் ஆகியவற்றைச் சோதனைக்கு முன்பே எடுத்துக் காட்டிவிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாஷ்கேம் இருந்தால் ஓடட்டும். 150 வெள்ளிக்குள்ளேயே உள்பக்கமும் பதிவு செய்யும் கேமரா கிடைக்கிறது. புதிதாக வண்டி வாங்குகிறவர்கள் ஸ்போர்ட் ரிம்முக்கு முன் இதை வாங்குங்கள். போனில் எடுப்பதென்றால் நெஞ்சளவில் பிடித்துக்கொண்டு, பேசாமல் எடுங்கள். அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டினால் சண்டையாகும். எடுத்ததை அன்று ராத்திரியே வலைத்தளத்தில் ஏற்றவும் வேண்டாம். வழக்கறிஞரிடமோ புகாரோடோ கொடுத்தால்தான் அதற்குப் பயன்.

6. உடல், போன், ஊது கருவி

பெண்ணைப் பெண் போலீஸ்தான், கண்ணியம் கெடாமல் சோதிக்க வேண்டும். அக்காவோ தங்கையோ மனைவியோ வண்டியில் இருந்து பெண் போலீஸ் இல்லையென்றால், வரும்வரை காத்திருக்கிறோம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

கைது செய்யப்படாத நிலையில் கேள்வி கேட்டால் பெயர், முகவரி, ஐசி எண் மூன்றும் சொல்லுங்கள். எங்கே போகிறாய், யாரைப் பார்க்க என்பதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்வதில் தவறில்லை. கதை கட்டாதீர்கள்.

போனைத் திறக்கச் சொன்னால் என்ன வழக்கு, என்ன சந்தேகம் என்று கேளுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 116பி பிரிவு, அந்தச் சட்டத்தின்படி சோதனை நடத்தும் அதிகாரிக்குக் கணினித் தரவைப் பார்க்கும் அதிகாரம் தருகிறது. வெறுமனே படங்களைப் புரட்டிப் பார்ப்பதற்கு அது எழுதப்படவில்லை. மறுத்தால் பிரச்சினை பெரிதாகும் என்று தோன்றினால், இங்கேயும் அதே முறைதான்: உடன்பாடில்லை என்று சொல்லிவிட்டு, உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊதச் சொன்னால் ஊதுங்கள். மறுப்பதே தனிக் குற்றம். 2020 அக்டோபரிலிருந்து அளவு 100 மில்லிலிட்டர் மூச்சில் 22 மைக்ரோகிராம். தாண்டினால் முதல் தடவையே 10,000 முதல் 30,000 வெள்ளி அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் காத்திருக்கின்றன.

7. சம்மன் கொடுத்தால், காசு கேட்டால்

போலீஸ் சம்மன் தாளை வாங்கி அங்கேயே படியுங்கள்: வண்டி எண், நேரம், இடம், குற்றம். போக்குவரத்துச் சமரசத் தொகை (நீதிமன்றம் போகாமல் கட்டும் அபராதம்) அதிகபட்சம் 300 வெள்ளி. 2026 ஜனவரி 1 முதல் முறை மாறியிருக்கிறது: 15 நாளுக்குள் கட்டினால் பாதி, 16 முதல் 30 நாளுக்குள் மூன்றில் ஒரு பங்கு கழிவு, 31 முதல் 60 நாள்வரை முழுத் தொகை, அதற்குப் பிறகு நீதிமன்றம். வருடக் கடைசியில் கழிவு போடுவார்கள் என்று காத்திருந்த பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். சமரசம் செய்ய முடியாத குற்றங்களுக்கு இந்தக் கழிவு கிடையாது. மைபாயார் சமான் செயலியிலோ போலீஸ் கவுண்டரிலோ கட்டலாம்.

"மாச்சாம் மானா? நாக் செட்டல்?" (எப்படி, இங்கேயே முடித்துக்கொள்ளலாமா?) என்ற பேச்சு வந்தால் புரியாதவர்போல் "சாமான் சாஜா, துவான்" (சம்மனே போடுங்கள், ஐயா) என்று சொல்லுங்கள். காப்பிக்காசு (லஞ்சம்) கொடுப்பவரும் குற்றவாளிதான். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் 20 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது, கொடுத்த தொகையைப்போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இதில் எது அதிகமோ அது. 50 வெள்ளி நீட்டியவருக்கும் அதே சட்டம்தான். உங்களிடம் கேட்டிருந்தால் அதைத் தெரிவிப்பதும் 25ஆம் பிரிவின்படி உங்கள் கடமை. ஆணையத்தின் இலவச எண் 1-800-88-6000.

கிளம்பும் முன் ஐசியும் லைசென்ஸும் திரும்ப வந்ததா என்று பாருங்கள்.

8. எதையாவது எடுத்தால் தாள் வாங்குங்கள்

சோதனையில் எடுத்த பொருள்களின் பட்டியலுக்குப் போலீஸ் வழக்கில் செனாராய் பொங்கார் என்று பெயர். என்ன பொருள், எத்தனை, வண்டியின் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது என்று எழுதி, சோதித்த அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். காப்பி கேளுங்கள்: "சாயா மிந்தா சாலினான் செனாராய் பொங்கார், துவான்."

உங்களிடம் கையெழுத்துக் கேட்டால் முதலில் படியுங்கள். மலாய் சரளமாக வாசிக்க வராவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வெற்றுத் தாளிலோ பாதி நிரப்பிய தாளிலோ கையெழுத்து வேண்டாம். "பின்பக்க சீட்டில்" எடுத்ததை "ஓட்டுநர் சீட்டுக்கு அடியில்" என்று எழுதியிருந்தால் அது சின்னப் பிழை இல்லை. மேலே சொன்ன 37ஆம் பிரிவை நினைத்துப் பாருங்கள். திருத்தச் சொல்லுங்கள். திருத்தாவிட்டால் உங்கள் மறுப்பைப் பக்கத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

வண்டியையே கொண்டுபோனால், அதை ஓட்டிப்போகும் முன் மைலேஜ் மீட்டர், எண்ணெய் அளவு, நான்கு பக்கம், உள்ளே இருக்கும் சாமான் எல்லாவற்றையும் படம் எடுங்கள். எந்த நிலையம், விசாரணை அதிகாரி யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவருக்கு வண்டியை விடுவிக்கக் கேட்டுக் கடிதம் கொடுங்கள். கிரான், ஐசி, இன்சூரன்ஸ் காப்பிகளையும், வண்டி கடனில் இருந்தால் பேங்க் கடிதத்தையும் சேருங்கள். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் "அடுத்த வாரம் வா" என்ற பதில் ஓயாது. கடிதத்துக்கும் பலனில்லை என்றால், கைப்பற்றிய பொருளை உரியவரிடம் ஒப்படைக்கும்படி உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு நடைமுறைச் சட்டம் 413ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. அதற்கு வழக்கறிஞர் தேவைப்படும்.

9. "பாலாய்க்கு வா" என்றால்

ஒரே கேள்வி: "சாயா டித்தாங்காப் கே, துவான்?" நான் கைது செய்யப்பட்டேனா?

இல்லை என்றால் அது அழைப்புதான். இன்னொரு நாள் வழக்கறிஞரோடு வருகிறேன் என்று சொல்லலாம். ஆம் என்றால் என்ன காரணம், எந்த நிலையம் என்று கேட்டுவிட்டு எதிர்க்காமல் போங்கள். குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவில் இருக்கிறது. உங்களை விசாரிக்கும் முன்பே அதைத் தர வேண்டும். வீட்டில் ஒருவரின் எண்ணாவது மனப்பாடமாக இருக்கட்டும், போன் உங்களிடம் இருக்காது.

கைதான 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். தடுப்புக் காவல் (ரிமாண்ட்) கேட்டால், 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றத்துக்கு முதலில் அதிகபட்சம் 4 நாள், மறுபடி 3 நாள். 14 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனையுள்ள குற்றத்துக்கு 7 நாள், மறுபடி 7 நாள். குண்டர் கும்பல் என்று சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றங்கள் சட்டத்தில் பிடித்தால் கணக்கே வேறு. 28 நாள்வரை போகும்.

வழக்கறிஞருக்குக் காசில்லை என்று வீட்டில் அழுதுகொண்டிருக்க வேண்டாம். 2012 முதல் தேசிய சட்ட உதவி அறநிறுவனம், ஒய்பிஜிகே, கைது, ரிமாண்ட் கட்டங்களில் மலேசியக் குடிமக்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை அனுப்புகிறது. "சாயா நாக் பெகுவாம் ஒய்பிஜிகே" என்று பிள்ளை உள்ளே கேட்க வேண்டும். நீங்கள் வெளியிலிருந்தும் கேளுங்கள். ரிமாண்ட் காலையிலேயே நடந்துவிடும், எனவே மறுநாள் விடிந்ததும் நீதிமன்ற வாசலில் இருங்கள்.

வாக்குமூலம் எடுக்கும்போது, உங்கள் மேலேயே குற்றம் விழக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அதே பிரிவின்படி, நீங்கள் எந்த மொழியில் சொன்னீர்களோ அந்த மொழியிலேயே வாசித்துக் காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து. தமிழில்தான் தெளிவாகச் சொல்ல வரும் என்றால் தமிழில் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். அரைகுறை மலாயில் சொன்ன ஒரு வரி பிறகு நீதிமன்றத்தில் வேறு அர்த்தத்தோடு வந்து நிற்கும்.

10. முறைகேடு நடந்திருந்தால்

வீடு திரும்பிய அன்றே எழுதிவிடுங்கள்: நேரம், இடம், பெயர், எண், வண்டி நம்பர், சொன்ன வார்த்தை. இரண்டு நாள் போனால் பாதி மறந்துவிடும். அடிபட்டிருந்தால் முதலில் அரசு மருத்துவமனை. காயத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பிறகு போலீஸ் ரிப்போர்ட். அதற்குக் கட்டணம் இல்லை, எந்த நிலையத்திலும் போடலாம். உங்களை நிறுத்திய நிலையத்திலேயே போட மனம் வராவிட்டால் வேறு நிலையத்துக்குப் போங்கள். போலீஸ் நடத்தை பற்றிய புகாரை, போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானின் நேர்மை, தர இணக்கத் துறைக்கும், 2023 ஜூலை 1 முதல் இயங்கும் சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையத்துக்கும் அனுப்பலாம். மனித உரிமை மீறல் என்றால் சுஹாகாம் எனும் மனித உரிமை ஆணையம். எல்லாவற்றுக்கும் ரிப்போர்ட் காப்பியை இணையுங்கள்.

ரிப்போர்ட் போட்டுவிட்டுக் காத்திருந்தே பலர் விட்டுவிடுகிறார்கள். 4 வாரம் கழிந்ததும் நடைமுறைச் சட்டம் 107ஏ பிரிவின் கீழ் விசாரணை நிலவரம் கேட்டு எழுதுங்கள். 2 வாரத்துக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். ரிப்போர்ட் எண்ணையும் தேதியையும் கடிதத்தின் முதல் வரியிலேயே போடுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடிதத்தை அரசுத் தரப்பு வழக்குரைஞர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள், முத்திரை விழுந்த முதல் கடிதத்தின் காப்பியோடு.